சிறுகோட்டுப் பெரும்பழமும் கட்டுரை நோட்டும்

ஒன்பதாம், பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ‘நயம் பாராட்டுக’ என்றொரு பயிற்சி வருகிறது. பாடல் ஒன்று கொடுக்கப்பட்டிருக்கும். பிள்ளைகள் திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம், சுவை என்று தலைப்புகளை வரிசையாகப் போட்டு நிரப்பி விடுவார்கள். பத்து விடைத்தாள்களைப் புரட்டினால் பத்திலும் “கவிஞர் தம் கருத்தை மிகவும் அழகாக எடுத்துரைத்துள்ளார்”, “படிப்போர் நெஞ்சைக் கொள்ளை கொள்கிறது” என்ற தொடர்கள் இருக்கும். பாடலை மாற்றினாலும் தொடர்கள் மாறா. பாரதியார் பாட்டுக்கும் கம்பர் பாட்டுக்கும் ஒரே விடை பொருந்துகிறது என்றால், அந்த விடை எழுதப்பட்டபோது பாடல் படிக்கப்படவே இல்லை என்று பொருள்.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. தலைப்புகளை முதலில் கொடுத்துப் பாடலைப் பிறகு கொடுத்தால் நிரப்பத்தான் செய்வார்கள். வரிசையை மாற்ற வேண்டும்: முதலில் பாடலின் சொல், பிறகு அதைப் பற்றி ஒரு பத்தி, அதன் பிறகு அந்தப் பத்தியைத் திருத்துவது, கடைசியில் தலைப்புகள். இதற்கு 45 நிமிடப் பீரியட் ஐந்து போதும். இந்த ஐந்திலும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கப் போகிறோம்: “ஏன் இந்தச் சொல்?” முதலில் கவிஞரைப் பார்த்து, பிறகு பிள்ளைகள் தாங்களே எழுதியதைப் பார்த்து.

எடுத்துக்காட்டுக்குக் குறுந்தொகையின் 18ஆம் பாடலை வைத்துக்கொள்வோம். கபிலர் பாடியது, குறிஞ்சித் திணை, ஐந்தே அடி. கரும்பலகையில் முழுதாக எழுதிப் போட இடம் இருக்கும் பாடலாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிக்குள் அடங்குவதால் இந்தப் பயிற்சிக்கு அவை மிகவும் தோதானவை.

வேரல் வேலி வேர்க்கோட் பலவின்
சாரல் நாட செவ்வியை ஆகுமதி
யாரஃ தறிந்திசி னோரே சாரல்
சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கி யாங்கிவள்
உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே

முதல் பீரியடில் உரை சொல்லக் கூடாது. மூன்று முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். முதல் முறை ஆசிரியர், சீர் பிரித்து, உள்ளபடியே. இரண்டாம் முறை வகுப்பு முழுவதும். மூன்றாம் முறைக்கு முன் சொற்களைப் பிரித்து எழுத வேண்டும்: யார் அஃது அறிந்திசினோரே, தூங்கியாங்கு இவள், உயிர் தவச் சிறிது. இதைப் பிள்ளைகளே செய்யட்டும், பத்து நிமிடம் கொடுங்கள். தவறாகப் பிரிப்பார்கள். அந்தத் தவறுகள்தாம் பாடம்.

இந்தப் பாடலில் பொறிகள் மூன்று. ‘தூங்கி’ என்றதும் உறக்கம் என்று எழுதுவார்கள். பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல், ‘தூங்கியாங்கு’ என்றால் தொங்கினாற்போல. ‘ஆங்கு’தான் இங்கே உவம உருபு, ‘போல’வைத் தேடிக் களைத்துப் போகிறவர்களுக்கு அது கண்ணில் படாது. அடுத்தது ‘தவ’. பாதி வகுப்பு அதைத் தவம் என்று எடுத்துக்கொண்டு, தலைவி தவம் செய்கிறாள் என்று ஒரு கதையே கட்டிவிடும். அது ‘மிக’ என்னும் பொருள் தரும் உரிச்சொல். உயிர் மிகச் சிறிது, அவ்வளவுதான். மூன்றாவது ‘ஆகுமதி’யில் வரும் ‘மதி’. நிலவும் இல்லை, அறிவும் இல்லை. முன்னிலையில் வரும் அசைச்சொல். ‘ஆகுவாயாக’ என்று கொள்ள வேண்டும்.

இந்த மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடலாமே என்று தோன்றும். சொல்லாதீர்கள். முதலில் அவர்கள் தம் பொருளை நோட்டில் எழுதட்டும். தவம் என்று எழுதிய பிள்ளையிடம் “அப்படியானால் ‘சிறிது’ எதைச் சொல்கிறது?” என்று கேட்டால், தொடர் கூடி வராததை அதுவே கண்டுகொள்ளும். அப்படிக் கண்டுபிடித்த பொருள் மறக்காது. வேரல் என்றால் சிறு மூங்கில், கோடு என்றால் கொம்பு, செவ்வி என்றால் உரிய காலம் ஆகிய மூன்றை மட்டும் பலகையில் எழுதிக் கொடுத்துவிடலாம், இவற்றை ஊகித்துப் பிடிக்க முடியாது. காமம் என்ற சொல்லுக்கு வகுப்பில் சிரிப்பு எழும். சங்கப் பாடல்களில் அது காதல் விருப்பத்தைக் குறிக்கும் சொல், குறளின் மூன்றாம் பாலுக்கே அதுதான் பெயர் என்று இயல்பான குரலில் ஒரு நிமிடம் சொல்லிவிட்டு நகர்ந்தால் போதும். தயங்கித் தாவினால்தான் சிரிப்பு நீளும்.

இரண்டாம் பீரியடில் கேள்விகள். மூன்றுக்கு மேல் வேண்டாம்.

முதல் கேள்வி: யார் யாரிடம் பேசுகிறார்? எந்தச் சொல் அதைக் காட்டுகிறது? இரண்டாம் பாதிதான் முக்கியம். நோட்ஸ் பார்த்தவர்கள் “தோழி தலைவனிடம்” என்று உடனே சொல்வார்கள், பார்க்காதவர்கள் “தலைவி” என்பார்கள். இருவருமே சொல்லைக் காட்டட்டும். ‘நாட’ என்பது விளி, கேட்பவன் சாரல் நாட்டுக்காரன். ‘இவள்’ என்பது படர்க்கை, எனவே பேசுபவள் தலைவி அல்லள், அவளை அருகில் வைத்துக்கொண்டு பேசுகிற வேறொருத்தி, அதாவது தோழி. உரிய காலத்தில் இவளை மணந்துகொள் என்பதுதான் அவள் சொல்லும் ‘செவ்வியை ஆகுமதி’. சரியான விடை சொல்லிச் சொல்லைக் காட்டாத பிள்ளைக்கும், தவறான விடை சொன்ன பிள்ளைக்கும் ஒரே மாதிரி “சொல்லைக் காட்டு” என்றுதான் சொல்ல வேண்டும். இந்த ஒழுங்கை ஆசிரியர் ஒருமுறை தளர்த்தினாலும் வகுப்பு நோட்ஸுக்குத் திரும்பிவிடும்.

இரண்டாம் கேள்வி: எந்தச் சொல் அல்லது எந்தப் பொருள் இரண்டு முறை வருகிறது? ‘சாரல்’ இரண்டு முறை. பலா இரண்டு முறை, ஒரு தடவை பெயரோடு, ஒரு தடவை பழமாக. சிறு–சிறிது, பெரும்–பெரிது. இந்த இடத்தில் பாடல் திறந்துகொள்ளும். முதல் அடியில் வரும் பலா, வேரிலே குலை தள்ளிய பலா. பழம் தரையை ஒட்டிக் கிடக்கிறது, பாரத்தை மண் வாங்கிக்கொள்கிறது, சுற்றி மூங்கில் வேலி வேறு. நான்காம் அடியில் வரும் பழம் சிறு கொம்பில் தொங்குகிறது. வேலியும் இல்லை, தாங்கும் மண்ணும் இல்லை. அதே மலைச்சாரல்தான். தலைவனைக் குறித்த அடியில் காவலோடு கிடக்கும் பழம், தலைவியைக் குறித்த அடியில் காம்பை நம்பித் தொங்கும் பழம். இதை ஆசிரியர் சொல்லிவிட்டால் அது இன்னொரு குறிப்பாக நோட்டில் போய்ச் சேரும். ஆகவே பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லுங்கள். இரண்டு பலா மரம், எந்தப் பழம் எங்கே என்று. ஓவியத் திறன் தேவையில்லை, கோடு போதும். வரைகிறபோதே ஒருவர் “ஒண்ணு கீழ இருக்கு, ஒண்ணு மேல இருக்கு” என்பார். அந்த வாக்கியத்தை அப்படியே பலகையில் எழுதி வையுங்கள். கட்டுரைக்கு அதுதான் விதை.

மூன்றாவது, சொல்லை மாற்றிப் பார்ப்பது. ‘தூங்கியாங்கு’ இருக்கும் இடத்தில் ‘காய்த்தாங்கு’ என்று வைத்துப் பாருங்கள். கொம்பும் பழமும் அப்படியே இருக்கின்றன, ஆனால் பாரம் போய்விட்டது. தொங்கும்போதுதான் பழம் கொம்பைக் கீழே இழுக்கிறது. ‘காமமோ பெரிதே’ என்பதில் ‘ஓ’வை எடுத்துவிட்டு ‘காமம் பெரிதே’ என்று படியுங்கள். இரண்டு செய்திகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், அவ்வளவுதான். ‘ஓ’ இருக்கும்போது தோழியின் குரல் அந்த இடத்தில் திரும்புகிறது, ‘ஆனால்’ என்ற சொல் செய்ய வேண்டிய வேலையை ஓரெழுத்து செய்கிறது. ‘தவ’வை எடுத்தால் என்ன குறைகிறது என்று பிள்ளைகளையே கேளுங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை. கொம்பு முறிந்துவிடும் என்று பாடலில் எங்கும் இல்லை. பழம் தொங்குகிறது என்பதோடு நின்றுவிடுகிறது. “கிளை முறிந்து தலைவி இறந்துவிடுவாள் என்று கவிஞர் கூறுகிறார்” என்று எழுதினால் அது தவறு. “முறியும் என்று தோழி சொல்லவில்லை, தலைவனே அதை எண்ணிப் பார்க்கட்டும் என்று விடுகிறாள்” என்று எழுதினால் அது நயம். பாடல் சொன்னது எது, படிப்பவர் உணர்ந்தது எது என்று பிரிக்கத் தெரிவதுதான் இலக்கிய ஆய்வின் முதல் படி. பத்தாம் வகுப்புப் பிள்ளையால் இது முடியும்.

தொடை நயத்துக்கு ஒரு சொல். மோனை எதுகையைப் பிரித்து எழுதிய பாடத்தில் தேடக் கூடாது, சீர் பிரித்த மூலத்தில்தான் தேட வேண்டும். ‘யார் அஃது’ என்று பிரித்துவிட்டால் இரண்டாம் எழுத்து ‘ர்’ ஆகிவிடும். ‘யாரஃ’ என்று மூலத்தில் பார்த்தால் வேரல், சாரல், யாரஃ என மூன்று அடிகளுக்கும் ‘ர’ எதுகை ஓடுவது தெரியும். முதல் அடியில் வேரல், வேலி, வேர்க்கோட் என்று முதல் மூன்று சீரிலும் மோனை. அதற்குக் கூழை மோனை என்று பெயர். பெயரைவிட, அந்த ‘வே’ மூன்றும் நெருக்கி நட்ட மூங்கில் போல நிற்பதைக் காதால் கேட்கச் செய்வது மேல். கடைசி இரண்டு அடிகளில் இந்த எதுகை இல்லை. இல்லாததை இல்லை என்று எழுதலாம் என்றும் சொல்லிக் கொடுங்கள். மதிப்பெண் போய்விடுமோ என்ற பயத்தில் இல்லாத இயைபைக் கண்டுபிடித்து எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது பிள்ளையின் காதையே கெடுக்கிறது.

மூன்றாம் பீரியடில் எழுதத் தொடங்கலாம். முழுக் கட்டுரை வேண்டாம், ஒரே பத்தி, ஆறு வாக்கியம், இருபது நிமிடம். பொருளும் ஒன்றுதான், பலாப்பழ உவமை. கட்டுரை நோட்டில் வலப்பக்கம் மட்டும் எழுதச் செய்யுங்கள். ஒரு வரி விட்டு ஒரு வரி. இடப்பக்கம் காலியாகவே இருக்கட்டும், அது இரண்டாம் வரைவுக்கு. இடமில்லாத நோட்டில் யாரும் திருத்த மாட்டார்கள், மூலையில் ஒரு சொல்லை நுழைத்துவிட்டு மூடிவிடுவார்கள்.

முன்மாதிரி காட்ட வேண்டுமா என்றால், கட்டாயம் காட்ட வேண்டும். ஆனால் வேறொரு பாடலுக்குக் காட்டுங்கள். இதே பாடலுக்குக் காட்டினால் நாற்பது நோட்டிலும் அதே பத்திதான் வரும். ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’ என்னும் குறள் நல்ல தேர்வு. ஆசிரியர் பலகையில் நின்றபடியே எழுத வேண்டும், எழுதிய வாக்கியத்தை அடிக்க வேண்டும், மறுபடி எழுத வேண்டும். “நிலம் பொறுமைக்கு உவமையாக வந்துள்ளது” என்று எழுதுங்கள். நின்று படியுங்கள். “இது எல்லோருக்கும் தெரியும், குறளில் உள்ள சொல் எதுவும் இதில் இல்லையே” என்று சொல்லி அடியுங்கள். “தோண்டுகிறவன் நிற்பதும் அந்த நிலத்தின் மேல்தான், தோண்டும்போதும் அது அவனைத் தாங்குகிறது. ‘பொறுக்கும் நிலம்’ என்று சொல்லாமல் ‘தாங்கும் நிலம்’ என்றதால்தான் இது தெரிகிறது” என்று எழுதுங்கள். எழுத்து அடித்தலோடும் திருத்தத்தோடும்தான் வரும் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். வீட்டிலேயே எழுதிக் கொண்டுவந்து சார்ட்டில் ஒட்டும் முன்மாதிரியில் அடித்தல் இருக்காது, அதனால் அது ஒன்றும் கற்றுத்தராது.

இருபது நிமிடத்தில் வரும் முதல் வரைவு அனேகமாக இப்படி இருக்கும்:

“இப்பாடலில் கபிலர் உவமையை மிகவும் அழகாக கையாண்டுள்ளார். சிறிய கொம்பில் பெரிய பழம் தொங்குவது போல தலைவியின் உயிர் சிறியது காமம் பெரியது என்று கூறுகிறார். இந்த உவமை மிகவும் பொருத்தமாக உள்ளது. தோழி தலைவியின் நிலையை எடுத்துக் கூறி தலைவன் திருமணம் செய்ய வேண்டும். இவ்வுவமைகள் நம் நெஞ்சை கொள்ளை கொள்கிறது.”

இங்கே நம் பள்ளிகளில் நெடுநாளாக நடந்துவரும் ஒரு தவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘திருத்தம்’ என்றால் நம் வழக்கில் என்ன பொருள்? ஆசிரியர் சிவப்பு மையில் பிழைகளைச் சுழிப்பார். பிள்ளை அந்தச் சொல்லை ஐந்து முறை எழுதிக் காட்டும். அல்லது ஃபேர் காப்பி எழுதும். மேலே உள்ள பத்தியை அப்படித் திருத்தினால் ‘அழகாகக் கையாண்டுள்ளார்’ என்று ஒற்று வரும், ‘கொள்கிறது’ ‘கொள்கின்றன’ ஆகும். பத்தி அப்படியே இருக்கும், ஒன்றும் சொல்லாத பத்தி, பிழையில்லாமல். எழுத்துப்பிழையை முதலில் திருத்துவது, இடிக்கப் போகும் சுவருக்கு வெள்ளை அடிப்பது போல. நாளை அடிக்க வேண்டிய வாக்கியத்துக்கு இன்று ஒற்று எதற்கு? அதோடு, சிவப்பு மை பட்டுச் சீரான வாக்கியத்தை அடிக்கப் பிள்ளைக்கு மனமும் வராது.

ஆகவே திருத்தம் மூன்று சுற்று, மூன்று வெவ்வேறு நாள், இந்த வரிசையில்: கருத்து, வாக்கியம், எழுத்து. முதல் சுற்றுக்கும் வரைவுக்கும் இடையே குறைந்தது ஒரு நாள் இடைவெளி விட வேண்டும். எழுதிய சூட்டில் படித்தால் மனத்தில் இருந்ததைப் படிப்பார்களே தவிர, தாளில் இருப்பதைப் படிக்க மாட்டார்கள்.

முதல் சுற்று நான்காம் பீரியடில், பென்சிலில். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேராக ஓரத்தில், அது பாடலின் எந்தச் சொல்லை நம்பி நிற்கிறது என்று எழுத வேண்டும். இரண்டாம் வாக்கியத்துக்கு நேராக ‘சிறுகோட்டுப் பெரும்பழம்’ என்று எழுதலாம். முதல் வாக்கியத்துக்கு? எதுவும் இல்லை. வட்டம் போடு. மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் வட்டம்தான். ஐந்தில் மூன்று வட்டம். பாடலில் ‘தவ’வை எடுத்துப் பார்த்தோம், ஏதோ ஒன்று குறைந்தது. இப்போது உன் வாக்கியத்தில் ‘மிகவும் அழகாக’ என்பதை எடுத்துப் பார், ஏதாவது குறைகிறதா? குறையவில்லை என்றால் அடி. கவிஞரிடம் கேட்ட கேள்வியைத் தன்னிடமும் கேட்கலாம் என்று பிள்ளைக்குப் புரிகிற நிமிடம் இதுதான். இந்தப் பயிற்சி முழுவதும் இந்த நிமிடத்துக்காகத்தான்.

வட்டம் போட்ட வாக்கியத்தை அடிப்பதோடு விட்டால் பத்தி இரண்டு வரியாகச் சுருங்கிவிடும், பிள்ளை பயந்துவிடும். ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் ‘ஏன்?’ அல்லது ‘எப்படி?’ என்று எழுதச் சொல்லுங்கள். “இந்த உவமை மிகவும் பொருத்தமாக உள்ளது. எப்படி?” பழம் நாளுக்கு நாள் பருக்கும், அந்த வேகத்துக்குக் கொம்பு தடிக்காது. இது பாடலில் இல்லை, ஆனால் பலா மரத்தைப் பார்த்த எவருக்கும் தெரியும். பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைக்கு உரையாசிரியரைவிட நன்றாகத் தெரியும். அந்த அறிவைக் கட்டுரைக்குள் கொண்டுவர அனுமதி உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். தமிழ்க் கட்டுரையில் தனக்குத் தெரிந்ததை எழுதக் கூடாது என்றே பல பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கத்தில் இருப்பவர் படித்துப் பார்ப்பதும் இந்தச் சுற்றில்தான். ஆனால் “நல்லா இருக்கு” என்ற சொல்லுக்குத் தடை. நோட்டை வாங்கியவர் இரண்டே செய்திதான் சொல்லலாம்: எந்த வாக்கியம் புரியவில்லை, எந்த வாக்கியத்துக்குப் பாடலில் சொல் இல்லை. ஐந்து நிமிடம் ஒருவருக்கு, ஐந்து நிமிடம் மற்றவருக்கு. எழுத்துப்பிழையைச் சுட்டக் கூடாது. இதைச் சொல்லாவிட்டால் ஐந்து நிமிடமும் ‘ர’, ‘ற’ தேடியே போய்விடும்.

அதன்பின் இடப்பக்கத்தில் இரண்டாம் வரைவு. மேலே உள்ள பத்தி இப்படி வரலாம்:

“பாடலில் பலாப்பழம் இரண்டு இடத்தில் வருகிறது. தலைவன் நாட்டுப் பழம் வேரில், மூங்கில் வேலிக்குள் கிடக்கிறது. தலைவியின் நிலையைச் சொல்லும் பழமோ சிறு கொம்பில் தொங்குகிறது. பழம் நாளுக்கு நாள் பருக்கும், கொம்பு அந்த அளவுக்குத் தடிக்காது. உயிர் கொம்பாகவும் காமம் பழமாகவும் இருக்கும்போது எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வி எழுகிறது. தோழி அந்தக் கேள்வியைக் கேட்காமல் ‘செவ்வியை ஆகுமதி’ என்று மட்டும் தலைவனிடம் சொல்கிறாள்.”

இதில் ‘அழகு’ என்ற சொல் இல்லை. படிப்பவருக்கு அழகு தெரிகிறது. ‘பழமோ’ என்ற இடத்தில் கபிலரின் ‘ஓ’ பிள்ளையின் வாக்கியத்துக்குள் வந்திருப்பதைக் கவனித்தீர்களா? படித்த சொல் கைக்கு வருவது இப்படித்தான்.

இரண்டாம் சுற்று வாக்கியம். வாய்விட்டுப் படிக்க வேண்டும், மனத்துக்குள் படித்தால் பயன் இல்லை. மூச்சு முட்டும் இடத்தில் வெட்டு. பதினைந்து சொல்லுக்கு மேல் போனால் இரண்டாக்க முடியுமா என்று பார். தமிழில் வாக்கியம் சிதைவதற்கு முதல் காரணம் எச்சம்தான். “தோழி தலைவியின் நிலையை எடுத்துக் கூறி தலைவன் திருமணம் செய்ய வேண்டும்” என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ‘கூறி’ என்ற எச்சத்துக்கு எழுவாய் தோழி, முடிக்கும் வினைக்கு எழுவாய் தலைவன். நடுவில் ஆள் மாறிவிட்டார். ‘செய்து’ வாய்பாட்டு எச்சம் வந்தால், யார் தொடங்கினாரோ அவரே முடிக்க வேண்டும் என்று ஒரே விதியாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம். “தோழி தலைவியின் நிலையை எடுத்துக் கூறி, மணந்துகொள்ளுமாறு தலைவனை வேண்டுகிறாள்.” இதற்கு விதிவிலக்கு இலக்கணத்தில் உண்டு, பத்தாம் வகுப்பு எழுத்துக்கு இது போதும். ஒருமை பன்மை மயக்கத்துக்கும் இதே வழி: முடிக்கும் வினையிலிருந்து விரலைப் பின்னோக்கி நகர்த்தி எழுவாயைத் தொடு. ‘கொள்கிறது’, எது? ‘உவமைகள்’. சரியா?

மூன்றாம் சுற்றுக்குக் கட்டுரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ‘என் பிழைகள்’ என்று ஒரு பட்டியல் இருக்க வேண்டும். ஐந்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஒருவருக்கு ‘ல’, ‘ள’, இன்னொருவருக்கு ‘ன’, ‘ண’, மற்றவருக்கு ஒற்று. கடைசிச் சுற்றில் தன் ஐந்தை மட்டும் தேட வேண்டும். எல்லாப் பிழையையும் தேடச் சொன்னால் எதையும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஒன்று தொடர்ந்து மூன்று கட்டுரையில் வராவிட்டால் அதை அடித்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம். ஒற்றுக்கு, வல்லினம் மிகும் இடம் அத்தனையையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ‘ஐ’ உருபு, ‘கு’ உருபு, அந்த–இந்த–எந்த, ‘ஆக’ ஆகிய நான்குக்குப் பின் மிகும்: உவமையைக் கையாண்டார், தலைவனுக்குச் சொன்னாள், அந்தப் பழம், நேராகச் சொல்லவில்லை. மிகாத இடம் இரண்டு: படித்த பாடல், பழம் பெரிது என்பது போன்ற பெயரெச்சமும் எழுவாயும். இந்த ஆறும் கைவந்தால் பிள்ளைகள் விடும் ஒற்றுப் பிழையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

நாற்பது பேர் வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்ற கேள்வி நியாயமானது. நோட்டு ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றால் நாற்பது நோட்டுக்கு 200 நிமிடம், மூன்றேகால் மணி நேரத்துக்கும் மேல். இரண்டு பிரிவு இருந்தால் வாரமே போய்விடும். அதனால்தான் ஒரே பத்தி என்றது. ஒரு பத்தியைப் படித்து, இரண்டு அடிக்கோடு போட்டு, ஓரத்தில் ஒரு கேள்வி எழுத ஒன்றரை நிமிடம் போதும். நாற்பது நோட்டுக்கு ஒரு மணி நேரம். பிழை ஒவ்வொன்றையும் சுழிக்க வேண்டியதில்லை. “எந்தச் சொல்?”, “யார் சொல்கிறார்?”, “எப்படித் தெரியும்?” இந்த மூன்றில் ஒன்றை எழுதினால் பிள்ளைக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியும். ‘நன்று’, ‘முயற்சி செய்க’ என்று எழுதினால் தெரியாது. முதல் வரைவுக்கு மதிப்பெண் போடவே கூடாது. எண் ஒன்று விழுந்துவிட்டால் அதோடு வேலை முடிந்தது என்று நோட்டை மூடிவிடுவார்கள். இரண்டாம் வரைவுக்குப் பத்துக்குப் போடலாம்: பாடலின் சொல்லைக் காட்டியதற்கு 4, அதை விளக்கியதற்கு 3, வாக்கிய ஒழுங்குக்கு 2, எழுத்துக்கு 1. எழுத்துக்கு ஒன்றுதானா என்று பெற்றோர் கேட்பார்கள். பிழைப் பட்டியல் தனியே ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்டுங்கள்.

சிறுகதைக்கும் இதே முறை செல்லும், கேள்வி மட்டும் மாறும். கதை எந்த வரியில் திரும்புகிறது, அந்த வரியை எடுத்துவிட்டால் முடிவு நிற்குமா என்று கேட்டால் போதும். கதைச்சுருக்கம் எழுத விட்டுவிட்டால் மூன்று பக்கம் போன பிறகும் ஆய்வு தொடங்கியிருக்காது. ஆகவே சுருக்கத்துக்கு மூன்று வாக்கியம் என்று முதலிலேயே வரம்பு கட்டுங்கள். கடிதம், படிவம் முதலியவற்றுக்கு இத்தனை சுற்று தேவையில்லை, வடிவம் தெரிந்தால் போதும்.

ஐந்தாம் பீரியடில்தான் தலைப்புகள். இப்போது பிள்ளைகளிடம் சொந்தமான ஒரு பத்தி இருக்கிறது. அதைப் பிரித்துத் தலைப்புகளுக்குள் வைக்கச் சொல்லுங்கள். யார் யாரிடம் எதற்காகப் பேசுகிறார் என்பது மூன்று வரியில் திரண்ட கருத்து. ‘காதல் பெரிது, தாங்கும் உயிரோ சிறிது, விரைந்து மணந்துகொள்’ என்பது மையக் கருத்து. பழமும் கொம்பும் அணி. சிறுமை பெருமை முரண் தொடை, ‘வே’ மோனை, ‘ர’ எதுகை. ‘தூங்கியாங்கு’, ‘காமமோ’ சொல் நயம். முறியும் என்று சொல்லாமல் விட்டது பொருள் நயம். திருத்துபவர் தேடும் தலைப்பு எல்லாம் வந்துவிட்டது, ஒவ்வொன்றின் கீழும் பாடலின் சொல் ஒன்று மேற்கோள் குறிக்குள் இருக்கிறது. நெடுவினாவுக்கும் இதையே செய்யலாம். எட்டு மதிப்பெண் கட்டுரைக்குக் குறிப்புச்சட்டம் போடும்போது முன்னுரை, முடிவுரைக்கு நடுவே வரும் ஒவ்வொரு உட்தலைப்புக்குப் பக்கத்திலும், எந்தச் சான்றைக் காட்டப் போகிறோம் என்று ஒரு சொல்லைப் பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும். சான்று கிடைக்காத உட்தலைப்பை எழுதும் முன்பே நீக்கிவிடலாம்.

தேர்வறையில் மூன்று சுற்றுக்கு நேரம் இராது. மூன்று மணி நேரத்தில் கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்கிவைக்கப் பழக்குங்கள். முதல் நான்கு நிமிடம் நெடுவினா விடைகளில் மேற்கோள் இல்லாத பத்தியைத் தேடி ஒரு சொல்லாவது சேர்க்க, மூன்று நிமிடம் முடிக்கும் வினைகளை எழுவாயோடு ஒட்டிப் பார்க்க, மீதி மூன்று நிமிடம் தன் பட்டியலில் உள்ள ஐந்து பிழைக்கு. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே இரண்டு மாதிரித் தேர்வில் இதைக் கடிகாரத்தை வைத்துச் செய்து பார்த்துவிட வேண்டும்.